ஒரு ஜிஞ்சர் பியர் போத்தலும் இரண்டு வருடக் கணக்கும்

சென்ற மாதம் ஒரு நாள், பாடசாலை விட்டு நாங்கள் இடாப்பை மூடிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் தர மாணவன் ஒருவனின் வாப்பா வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. ஊர்ப்புறத்தில் ஆசிரியர் என்றால் பாடம் படிப்பிப்பவர் மட்டுமல்ல, விளங்காத கடிதத்தை வாசித்துச் சொல்பவரும்தான். அந்தப் பையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட், இரண்டு எக்ஸ்ரே, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பிறகு சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒற்றைத் தாள் ஒன்று. தாளின் கீழே அவருடைய கையொப்பம்.

அவர் மேசன் வேலை செய்தவர். விடியற்காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பின்னால் வந்த வேன் அடித்துப் போட்டது. காலுக்குள் பிளேட் வைத்திருக்கிறார்கள். இனி சாரம் ஏற முடியாது. மூன்றாம் நாள் வேன்காரரின் ஆட்கள் பழங்களோடு வார்ட்டுக்கு வந்தார்களாம். தலைமாட்டில் இருந்து ஆறுதல் சொல்லி, 25,000 ரூபாயைக் கையில் வைத்து, "இது பொலிசுக்கு ஒரு துண்டு" என்று சொல்லி ஒப்பம் வாங்கிப் போயிருக்கிறார்கள். அதில் எழுதியிருந்தது வேறு. இந்த விபத்து சம்பந்தமாக முழுமையும் இறுதியுமான கொடுப்பனவைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தது.

நாங்கள் அவரை எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிப் போனோம். அவர் தாளை வாசிக்கவில்லை. முதலில் கேட்டது "எப்ப நடந்தது?" என்றுதான். திகதியைச் சொன்னோம். விரல் விட்டு எண்ணினார். இரண்டு வருடமும் நான்கு மாதமும். பேனையை மூடி வைத்துவிட்டார். அந்த ஒப்பத்தை ஏமாற்றி வாங்கினார்கள் என்று வாதாடிப் பார்த்திருக்கலாமாம். ஆனால் போன நாலு மாதத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது என்றார்.

நாங்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் வரலாறு படித்து, அதையே படிப்பிக்கிறவர்கள். ஆகவே எங்களுக்குத் தெரிந்த வழியில், ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

1928ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து மே டொனஹியூ என்ற பெண் பக்கத்து ஊரான பெய்ஸ்லிக்குப் போகிறார். கடையொன்றில் வேலை செய்கிறவர். பிறந்த பிள்ளைகள் நான்கு, அதில் மூன்று சிறு குழந்தையிலேயே இறந்துவிட்டன. கணவரோடும் வாழ்க்கை சரிவரவில்லை. பெய்ஸ்லியில் வெல்மெடோ என்ற சிறிய கஃபேயில் ஒரு தோழியோடு உட்காருகிறார். தோழிதான் ஓடர் கொடுக்கிறார், காசும் தோழிதான் கொடுக்கிறார். இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வையுங்கள். முழு வழக்கும் இதில்தான் தொங்கியது.

மேக்கு வந்தது ஐஸ்கிரீம் மேல் ஜிஞ்சர் பியர் ஊற்றிய ஒரு பானம். (பெயரில் பியர் இருந்தாலும் நாம் கல்யாண வீட்டில் பிரியாணிக்குப் பிறகு குடிக்கிறோமே, அதே இஞ்சிச் சோடாவின் உறவுக்காரன்தான்.) போத்தல் கடும் மண்ணிறக் கண்ணாடி. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. கடைக்காரர் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார், மே குடித்தார். மீதியைத் தோழி ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்தது என்பதுதான் மேயின் முறைப்பாடு. மூன்று நாளில் வைத்தியரிடம் போனார். செப்டெம்பர் 16ஆம் திகதி கிளாஸ்கோ றோயல் இன்ஃபெர்மரி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றார். குடல் அழற்சியும் அதிர்ச்சியும் என்று சொல்லப்பட்டது.

இன்று நாம் "வழக்குப் போட வேண்டியதுதானே" என்போம். அன்றைக்கு யார் மேல் போடுவது? கடைக்காரர் மேல் போட முடியாது. அவரிடம் வாங்கியது தோழி, மே அல்ல. மேக்கும் கடைக்காரருக்கும் இடையில் ஒப்பந்தம் கிடையாது. அதோடு மூடி போட்டு வந்த கறுத்த போத்தலுக்குள் அவரும் எட்டிப் பார்த்திருக்க முடியாது. போத்தலை நிரப்பியவர் டேவிட் ஸ்டீவன்சன், பெய்ஸ்லி கிளென் லேனில் தொழிற்சாலை வைத்திருந்தவர். அவருக்கும் மேக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. நேரடி ஒப்பந்தம் இல்லாதவனுக்கு உற்பத்தியாளன் பொறுப்பில்லை என்பதுதான் அன்றைய பொது விதி. மருந்து, வெடிபொருள் போல இயல்பிலேயே ஆபத்தான பொருளாக இருந்தால் வேறு கதை. ஜிஞ்சர் பியர் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இடத்தில் வருகிறார் வோல்டர் லீச்மன் என்ற கிளாஸ்கோ சட்டத்தரணி. மே என்ற பெயர் உலகம் முழுக்க உள்ள சட்டக் கல்லூரிகளில் ஒலிக்கிறது. லீச்மனை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அவர்தான்.

ஏனென்றால் மேயின் வழக்குக்குக் கொஞ்சம் முன்னர், ஜிஞ்சர் பியர் போத்தலுக்குள் செத்த எலி கிடந்ததாக வேறு ஒரு நிறுவனத்துக்கு எதிராக வழக்கு நடந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக நின்றது லீச்மனின் அலுவலகம். 1929 மார்ச் 20ஆம் திகதி எடின்பரோவில் மேல்முறையீட்டு நீதிபதிகள் நால்வரில் மூவர் அதைத் தள்ளுபடி செய்தார்கள். ஒப்பந்தம் இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை. அதோடு ஆளைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 9ஆம் திகதி அதே வாதத்தோடு, எலிக்குப் பதில் நத்தையோடு, ஸ்டீவன்சனுக்கு எதிராக 500 பவுண் கேட்டு மேயின் வழக்கைத் தாக்கல் செய்தார் லீச்மன். சம்பவம் நடந்து எட்டு மாதம்கூடக் கடக்கவில்லை.

அவரும் பிழை விட்டார் என்பதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. இடையில் கஃபே உரிமையாளரையும் வழக்கில் சேர்த்தார்கள். அது நிற்காது என்று தெரிந்து பிறகு விலக்கினார்கள். அந்த அலைச்சலுக்கு எதிர்த்தரப்பின் செலவாக 100 பவுணுக்கும் மேல் மேயின் தலையில் விழுந்தது. யாருக்கு எதிராக வழக்கு என்பதை முதலிலேயே சரியாகப் பிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. நமது ஊரிலும் பாருங்கள், சாரதியோடு மட்டும் சண்டை பிடிப்போம். வாகனத்தின் சொந்தக்காரரையும் காப்புறுதி நிறுவனத்தையும் மறந்துவிடுவோம்.

முதல் நீதிமன்றத்தில் லோட் மொன்கிரீஃப் 1930 ஜூனில் மேக்குச் சாதகமாகத் தீர்த்தார். ஸ்டீவன்சன் மேன்முறையீடு செய்தார். அங்கே இருந்தவர்கள் யார்? எலி வழக்கைத் தள்ளுபடி செய்த அதே நான்கு நீதிபதிகள். மீண்டும் மூன்றுக்கு ஒன்று. மே தோற்றார். இனி ஒரே ஒரு கதவு, லண்டனில் பிரபுக்கள் சபை. அங்கே போவதற்கு எதிர்த்தரப்புச் செலவுக்குப் பிணை கட்ட வேண்டும். கடையில் வேலை செய்யும் பெண் எங்கே போவார்?

அப்போது செய்த காரியம் பலருக்கும் தெரியாது. தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் விற்றாலும் 5 பவுண் தேறாது என்று மே சத்தியக் கடதாசி கொடுத்தார். அவருடைய தேவாலயத்துப் போதகரும் மூப்பர்கள் இருவரும் அது உண்மைதான் என்று சான்று கொடுத்தார்கள். வறியவராக வழக்காட சபை அனுமதித்தது. பிணை கட்டத் தேவையில்லை என்றாகியது. அவருடைய சட்டத்தரணிகள் கூலி இல்லாமல் வாதாடினார்கள். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம சேவகரும் ஒரு ஏழைக்குக் கடிதம் கொடுப்பது போலத்தான் இதுவும். அந்த ஒரு கடிதம் இல்லாவிட்டால் இந்த வரலாறே இல்லை.

1932 மே 26ஆம் திகதி தீர்ப்பு. ஐந்து பேரில் மூவர் மேயின் பக்கம், இருவர் எதிர். லோட் அட்கின் எழுதிய தீர்ப்புத்தான் புகழ் பெற்றது. அயலவரை நேசி என்று மதம் சொல்வது சட்டத்துக்கு வரும்போது அயலவருக்குத் தீங்கு செய்யாதே என்றாகிறது என்றார். அயலவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமல்ல. என் செயலால் யார் நேரடியாகப் பாதிக்கப்படுவார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டுமோ, அவர்கள் எல்லோரும் என் அயலவர்கள். போத்தலை நிரப்புகிறவனுக்குக் குடிக்கப் போகிறவள் அயலவள். வேன் ஓட்டுகிறவனுக்கு முன்னால் சைக்கிளில் போகிறவர் அயலவர். அயலவரின் உரிமை பற்றிச் சின்ன வயதிலிருந்து ஜும்ஆக்களில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுப்பாடம் இல்லை. ஆனால் அதை நீதிமன்றத்தில் காசாக்கலாம் என்பது நம்மில் பலருக்குப் புதிது.

மேக்கு என்ன கிடைத்தது? தீர்ப்பு வந்த அதே வருடம் ஸ்டீவன்சன் இறந்துபோனார். 1934 டிசம்பரில் அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் 200 பவுண் கொடுத்து விஷயத்தை முடித்தார்கள். நத்தை இருந்ததா இல்லையா என்பது எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவே இல்லை! நத்தை இருந்திருந்தால் சட்டப்படி பொறுப்பு உண்டா என்பதைத்தான் லண்டனில் தீர்மானித்தார்கள். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் அவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விடும்.

சரி, ஸ்கொட்லாந்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நமது நாட்டில் இந்த விஷயத்துக்கு அடிப்படை ஆங்கிலச் சட்டம்கூட அல்ல, ரோமன் டச்சுச் சட்டம். 1658இலிருந்து 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப் போனது. பிரித்தானியர் 1799இல் பிரகடனம் செய்து அதைத் தொடர விட்டார்கள். விவாகம், வாரிசுரிமை போன்றவற்றில் நமக்கு முஸ்லிம் சட்டம், யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை, கண்டியருக்குக் கண்டியச் சட்டம் என்று தனித்தனி. ஆனால் கால் முறிந்தால் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்.

அதன் வேர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் வந்த அக்குவிலியச் சட்டம். தொடக்கத்தில் அது மற்றவனின் அடிமையையோ மாட்டையோ கொன்றவன் அதன் விலையைக் கட்ட வேண்டும் என்ற அளவில் இருந்தது. சுதந்திரமான மனிதனின் உடம்புக்கு விலை போட முடியாது என்பது ரோமரின் கொள்கை. கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் விளைவு என்ன? மாடு செத்தால் நட்டஈடு, மனிதன் கை முறிந்தால் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல மெல்லத்தான் மருந்துச் செலவும் இழந்த கூலியும் கேட்கலாம் என்று வந்தது. தழும்புக்கும் வலிக்கும் அப்போதும் இல்லை.

வலிக்கும் காசு கேட்கலாம் என்று எழுதியவர்களில் ஒருவர் ஒல்லாந்து அறிஞர் ஹியூகோ குரோஷியஸ். அரசியல் பகையில் ஆயுள் தண்டனை பெற்று லூவெஸ்டைன் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தபோது ஒல்லாந்துச் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து சிறையிலிருந்து தப்பியவரும் இவர்தான் (இதைச் சொன்னால் வகுப்பே எழுந்து உட்காரும்). நூல் 1631இல் அச்சேறியது. ஒருவனைக் காயப்படுத்தினால் வைத்தியச் செலவும், படுத்திருந்த காலத்துக் கூலியும், இனி உழைக்க முடியாமல் போனால் அதற்கும் கொடுக்க வேண்டும் என்கிறார். வலியும் உருக்குலைவும் உண்மையில் காசால் ஈடுசெய்யக் கூடியவை அல்ல, ஆனாலும் கேட்டால் மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

கேட்டால்! நாங்கள் இந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டோம். மேசன் காக்கா கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லவும் யாரும் இல்லை. கேட்காமல் இருக்க 25,000 ரூபா வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்த இரண்டு வருடம். நமது காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கம். இழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கான வழக்கை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. பொலிசில் என்ட்ரி போட்டது வழக்கு அல்ல. நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு அபராதம் விதித்ததும் உங்கள் வழக்கு அல்ல, அது அரசாங்கத்தின் வழக்கு. நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகப் போட வேண்டும். "பொலிஸ் கேஸ் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருந்துதான் நம்மவர்களின் இரண்டு வருடம் போகிறது. மேசன் காக்காவுக்கும் அதுதான் நடந்தது. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிய பிறகுதான் பையைத் தூக்கினார். பாதிக்கப்பட்டவர் சிறுபிள்ளையாக இருந்தால் கால எல்லையில் சலுகை உண்டு. அதை நம்பி இருக்காமல் உடனே ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

"என்னிலயும் பிழை இருக்கு, லைட் இல்லாம போனேன்" என்று சிலர் பின்வாங்குகிறார்கள். அது பழைய காலத்துப் பயம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, உங்கள் பங்குப் பிழைக்கு ஏற்ப நட்டஈடு குறையும், முழுதாக இல்லாமல் போகாது. வேலைத்தலத்தில் காயம் என்றால் பாதையே வேறு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையின்போது வேலை காரணமாக நடந்தது என்பது போதும். மே 200 பவுணை வாங்கிய அதே வருடத்துச் சட்டம் அது. மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆகவே வாகனத்தின் இலக்கத்தோடு காப்புறுதி அட்டை விபரத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடித்தவர் ஏழை, அவரிடம் எப்படிக் கேட்பது என்று இரக்கப்பட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். காசு பெரும்பாலும் அவர் கையிலிருந்து போவதில்லை.

காகிதங்கள் விஷயத்தில் மே நமக்கு நல்ல வழிகாட்டி. அவருடைய மனுவில் எந்தத் திகதி வைத்தியரிடம் போனார், எந்தத் திகதி ஆஸ்பத்திரிக்குப் போனார், போத்தலில் என்ன லேபல் என்று எல்லாம் இருந்தது. நமது ஆட்கள் டயக்னோசிஸ் கார்டை கிளினிக்கில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மாட்டார்கள். மருந்து வாங்கிய பில்லைக் கசக்கி எறிவார்கள். நாட்கூலிக்காரருக்கு எவ்வளவு உழைத்தார் என்பதைக் காட்டுவதுதான் பெரிய கஷ்டம். ஆகவே வேலை கொடுத்தவரிடம் ஒரு கடிதம் அப்போதே வாங்கி வைத்தால் பிறகு அலைய வேண்டியதில்லை. சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வார்ட்டில் படுத்திருக்கும்போது எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள். விளங்காத மொழியில் இருந்தால் எந்த நிலையிலும் வேண்டாம். "வாசித்துப் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அதைச் சொன்னதும் கோபப்படுகிறவரின் தாளில் ஏதோ இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

காசில்லாதவர்களுக்கு: 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தலைமையகம் புதுக்கடையில், கிளைகள் நாட்டின் பல நீதிமன்றங்களை அண்டி இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையும் சட்டத்தரணியும் கிடைக்கும். நமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலும், மேக்குக் கிடைத்தது போல, வறியவர் வழக்குத் தொடர வழி இருக்கிறது. இதையெல்லாம் விட்டு, ஆஸ்பத்திரி வாசலில் "நான் கேஸ் பார்த்துத் தாறன், பாதிக்குப் பாதி" என்று வருகிறவர்களிடம் போகாதீர்கள்.

இவ்வளவும் நாங்கள் அந்த மேசன் காக்காவிடம் முதலில் சொன்னவை. பாடசாலைப் படிக்கட்டில் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில் "அந்தப் பொம்புளைக்கு எத்தனை வருஷம் எடுத்திச்சு சேர்?" என்றார். ஆறு வருடமும் நான்கு மாதமும் என்றோம். "நானும் வேளைக்கே போயிருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். மகன் இப்போது பின்னேரங்களில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். வகுப்பில் தூங்குகிறான். எழுப்ப மனம் வருவதில்லை.

பையை எடுத்துக்கொண்டு எழும்பும்போது அவர்தான் சொன்னார்: "இதை எழுதிப் போடுங்க சேர். என்ட பேரை மட்டும் போட வேணாம். ரெண்டு வருஷம் எண்டத பெரிசா எழுதுங்க."

2 வருடம்.